விண்டோஸை நம்புவதா, சொந்தமாகச் செய்வதா?

கணினி தயாரிப்பவருக்கு விண்டோஸ் உரிமம் வாங்குவதுதான் சுலபம். மென்பொருள்கள் ஏராளம், வாங்குபவருக்கும் பழக்கம். ஆனால் குடுமி மைக்ரோசாப்ட் கையில். ஐபிஎம் பட்ட பாட்டைப் பாருங்கள். ஓஎஸ்/2 என்று சொந்த இயங்குதளம் வைத்துக்கொண்டு, விண்டோஸையும் கேட்டது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. 1995 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95 வெளியாவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் உரிமம் கிடைத்தது. போட்டியாளர்களின் கணினிகள் அதற்குள் தயார். பள்ளி திறக்கும் நேரத்து வியாபாரம் ஐபிஎம்முக்குக் கைநழுவியதை அமெரிக்க நீதிமன்றமே பின்னர் பதிவு செய்தது. அப்புறம் 2012இல் மைக்ரோசாப்ட்டே சர்ஃபேஸ் என்ற பெயரில் சொந்தக் கணினிகளோடு கடை விரித்தது. உரிமம் தருபவரே போட்டியாளர்!

சரி, சொந்த இயங்குதளம்? ஆப்பிளால் முடிகிறது, அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். நடுவழியில் இறங்கிய எச்பி, 2010இல் பாம் நிறுவனத்தைச் சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியது. பாமின் இயங்குதளமான வெப்ஓஎஸ்ஸில் ஓடும் டச்பேடு என்ற டேப்லெட்டை 2011 ஜூலையில் விற்கத் தொடங்கி, ஆகஸ்டிலேயே கைவிட்டது. அதற்கான செயலிகள் (ஆப்கள்) போதவில்லை.

என் ஓட்டு விண்டோஸுக்குத்தான். கூடவே சில மாடல்களை லினக்ஸ், குரோம்ஓஎஸ் போன்ற வேறு இயங்குதளங்களில் விற்றால் பேரம் பேசவாவது பிடி இருக்கும். குரோம்ஓஎஸ் என்றால் குடுமி கூகுளிடம், அது வேறு விஷயம்.