ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் போய்விட்டது. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

காரைக்குடியில் எங்கள் அடுக்குமாடி 1980களில் கட்டியது. மராமத்து வேலையோடு மேற்குப் பக்க ஜன்னல்களையும் மாற்றிவிடலாம், ஏசி செலவு குறையும் என்று யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல் செய்யும் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு பெட்டிக்குள் சூடு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாதாரணக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கை வைத்தால் சுட்டது. லோ-ஈ பூச்சு, அதாவது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு, போட்ட இரட்டைக் கண்ணாடியை வைத்ததும் சூடே தெரியவில்லை. "வச்சுப் பாருங்க ஆச்சி, இந்தக் கோடைக்கு ஏசியே போட மாட்டீங்க" என்றார் கடைக்காரர். அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

பழைய தேக்கு ஜன்னல்களைக் கழற்றி, "பிரிக்கிற கூலிக்கே சரியாப் போச்சு" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழைய தேக்குக்கு என்ன மதிப்பு என்று இந்த ஊரில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அக்னி நட்சத்திரத்தில் அறை முன்பைவிடக் கொதித்தது. முன்பாவது பலகைக் கதவைச் சாத்தினால் வெயில் வெளியே நிற்கும். இப்போது மாலை வெயில் கண்ணாடி வழியாக நேரே கட்டில்வரை வருகிறது. மழை பெய்ததும் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி படிந்தது, துடைக்கவும் வழியில்லை. ஓரத்து சீல் சரியில்லாமல் ஈரம் உள்ளே போகிறது.

போன் செய்தால், "புதுசுல அப்படித்தாண்ணே, வெயில் வந்தா போயிடும்." அப்புறம், "கம்பெனி ஆள் வருவார்." அப்புறம், "வாரண்டி ஃபிரேமுக்குத்தான், கண்ணாடிக்குக் கிடையாது." இப்போது போனையே எடுப்பதில்லை.

அக்கா மகன் கட்டடப் பொறியாளர். கண்ணாடி முன் லைட்டரைப் பற்றவைத்துக் காட்டினான். இரட்டைக் கண்ணாடியில் சுடரின் பிம்பம் நான்கு விழும். லோ-ஈ பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருக்கும். எங்களுக்கு நான்கும் ஒரே நிறம். கடையில் காட்டியது ஒன்று, மாட்டியது வேறு! ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்குச் சாதாரணக் கண்ணாடி. பில்லில் "யுபிவிசி ஜன்னல்" என்று மட்டும் இருக்கிறது, கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கண்ணாடியின் வகை, பூச்சு, எஸ்ஹெச்ஜிசி அளவு (வெயிலின் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்ற கணக்கு) எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு எஸ்ஹெச்ஜிசி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மாட்டும் அன்றே லைட்டர் வைத்துப் பாருங்கள், அதுவரை முழுப்பணம் வேண்டாம். பழைய ஜன்னலை வெளியே விடாதீர்கள்.

இதே போல் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நான் சிவகங்கைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.