தரைக்குக் கீழே நீர்க்கசிவு: 2014 முதல் பட்டதும் கற்றதும்

வேளச்சேரியில் எட்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தின் பராமரிப்பை 2014 முதல் நான்தான் கவனித்து வருகிறேன். கார் நிறுத்தும் தளம் தரைக்குக் கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. (பேஸ்மட்டம் என்றால் நம் கொத்தனார்கள் கடைக்காலுக்கு மேல் எழுப்பும் பகுதியைச் சொல்வார்கள். நான் சொல்வது முழுக்க மண்ணுக்குள் இருக்கும் தளம்.)

குடிவந்த முதல் ஐப்பசியிலேயே சுவரும் தரையும் சேரும் மூலையில் ஈரக்கோடு தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் சாய்தளம் வழியாகவே உள்ளே இறங்கியது. அதை இறைத்து முடித்த பிறகும் அந்த மூலையில் ஊறுவது நிற்கவில்லை.

2016இல் ஓர் ஒப்பந்ததாரர் உட்சுவரைக் கொத்திவிட்டு, நீர்த்தடுப்புத் திரவம் கலந்த சிமெண்ட் பூச்சு பூசினார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்காலத்திலேயே உப்பிக்கொண்டது. தட்டினால் வெற்று ஓசை. கரண்டி முனையால் நெம்பியதும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. பின்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், மூன்று மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு மூன்று டன் அழுத்தம். உள்ளே பூசிய பூச்சை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் தோண்டிப் பூசலாம் என்றால் பக்கத்து மதில் ஒட்டி நிற்கிறது.

2018இல் வந்த பொறியாளர், "சுவர் ஒழுகவில்லை, இணைப்புதான் ஒழுகுகிறது" என்றார். தரைக்கு ஒரு நாள், சுவருக்கு வேறொரு நாள் கான்கிரீட் போட்டவர்கள் நடுவில் பி.வி.சி. நீர்த்தடுப்புப் பட்டை வைக்கவில்லை. இணைப்பை நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு, குழல்களைச் செருகி, நீர் பட்டால் நுரைத்து இறுகும் பாலியூரிதேன் என்ற பிசினைப் பம்பு வைத்துச் செலுத்தினார்கள். முதலில் அழுக்குத் தண்ணீர் பீறிட்டது. பிறகு வெடிப்பு நெடுக நுரை, பால் பொங்குவதுபோல் பொங்கி வந்து இறுகியது. அதன்பின் பழைய பூச்சை எல்லாம் நீக்கி, வெறும் கான்கிரீட்டை நனைத்து, படிகமாகும் வகைக் கலவையைத் தடவினார்கள். அது ஈரத்தோடும் கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்போடும் வினைபுரிந்து நுண்துளைகளைப் படிகங்களால் அடைக்கும். மயிரிழை வெடிப்புக்கு மிக நல்லது. அசையும் வெடிப்புக்கும் ஒழுகும் இணைப்புக்கும் அதை மட்டும் நம்பக் கூடாது.

2021 நவம்பர் அடைமழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்த இணைப்பு காய்ந்தே இருந்தது. மின்கேபிள் நுழையும் குழாயைச் சுற்றி மட்டும் 2021இல் ஒழுகியது. 2018இலேயே அதை நான் கேட்டிருக்க வேண்டும். புயலன்று மின்சாரம் போனபோது, கீழ்த்தளத்தில் கசியும் நீர் சேரும் குழியின் பம்பை ஓட்டியது முதல் தளத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர். கீழ்த்தளத்தில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு மண் நிரப்புமுன் வெளிச்சுவரில் நீர்த்தடுப்பு விரிப்பு ஒட்டும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். விரிப்பின் மேல் பாதுகாப்புப் பலகை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிரப்பும் மண்ணில் இருக்கும் கல்லே அதைக் கிழித்துவிடும். சுவருக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நேரில் போய் இணைப்புப் பட்டையைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு இன்னும் லிஃப்ட் குழி பாக்கி இருக்கிறது. தளத்தைவிடவும் ஆழமான இடம். போன மழைக்குப் பிறகு அங்கே ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. வைகாசியில் நீர்மட்டம் இறங்கியதும் அதைத் திறக்கிறோம்.