பாம்பனா, கெங்குவார்பட்டியா?

கள ஆய்வுக்கு எங்கே போவதென்று ராமநாதபுரத்தில் நிலவியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

செலவு: பாம்பனுக்கு பஸ் காசு போதும். கெங்குவார்பட்டி தேனி மாவட்டம், கொடைக்கானல் மலையடிவாரம், தங்க வேண்டிவரும்.

வயது: பாம்பன் பவளப்பாறைக்குச் சில ஆயிரம் ஆண்டுதான். கெங்குவார்பட்டிப் பாறைக்கோ ஏறத்தாழ 55 கோடி. கண்டங்கள் மோதி, கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டமாக ஒன்றுசேர்ந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் 900 டிகிரிக்கு மேல் வெந்த பாறை. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கார்னெட் என்ற சிவப்புக் கனிம மணியைச் சுற்றி வேறு கனிமம் மெல்லிய விளிம்பு கட்டியிருக்கும். பாறை மேலெழும்பி அழுத்தம் குறைந்ததன் தடயம் அது.

எளிமை: பாம்பனில் சிப்பியும் பவளமும் வெறுங்கண்ணுக்கே தெரியும். எதையும் பெயர்க்காதீர்கள், பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கடல்மட்ட மாற்றம்தான் தலைப்பு என்றால் பாம்பனே சரி. கண்டங்கள் மோதிய கதை வேண்டுமா? கடன் வாங்கியாவது கெங்குவார்பட்டிக்குப் போங்கள்.