சுகாதார மேலாண்மைத் தகவல் தளம்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

மத்திய சுகாதார அமைச்சகம் 2008-இல் தொடங்கிய இந்தத் தளத்தில், ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை மாதந்தோறும் பதிவாகும் பிரசவம், தடுப்பூசி, நோயாளி வருகை ஆகியவற்றின் மாவட்ட அளவிலான தொகுப்பு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பது பெரிதும் பாராட்டத்தக்கது.

ஆனால் செட்டிநாட்டை இதன்வழி அறிய விரும்புவோருக்கு நிதானம் தேவை. நமது ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவியிருக்க, பிரசவமோ மருத்துவமனை அமைந்துள்ள மாவட்டத்தின் கணக்கில்தான் சேர்கிறது. பொன்னமராவதிப் பெண் காரைக்குடியில் பிள்ளை பெற்றாலும், சென்னையில் குடியிருப்பவர் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாலும், கூடுவது சிவகங்கையின் எண்ணிக்கையே. அவ்வாறே, நீரிழிவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் ஒருவரின் ஒவ்வொரு வருகையும் தனித்தனியே எண்ணப்படுவதால், புறநோயாளி எண்ணிக்கை உயர்ந்ததை வைத்து நோய் பெருகிவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது.

என் பெருங்குறை பணம் பற்றியது. குடும்பங்கள் செலவழித்த தொகை இதில் இல்லை. பேரேடு எழுதுவதில் பேர்பெற்ற இம்மண்ணில் அது, பற்றுப் பக்கம் விடுபட்ட கணக்காகவே தோன்றுகிறது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கைப்பணம் கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இது நாடு தழுவிய சராசரி. மதுரைக்குச் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட தேவகோட்டைக் குடும்பத்தின் சுமையை இது காட்டாது.

அழகப்பா பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர்களுக்கு இத்தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரு மாவட்ட அறிக்கைகளையும் அருகருகே வைத்து, வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.