யூஐஎஃப் பணம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் உங்கள் போனைக் கொடுக்காதீர்கள்

யூஐஎஃப் என்பது தென்னாப்பிரிக்காவில் வேலை இழந்தவர்களுக்குப் பணம் தரும் அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தையல் ஆலை வேலை போன ஒரு அக்காவுக்கு நடந்தது இது. அரசின் தொழிலாளர் அலுவலகமான லேபர் சென்டர் வாசலில் ஒரு ஆள், "அக்கா, நீங்க வரிசையில நிக்க வேணாம், ஐடியும் போனும் குடுங்க, ரெண்டு வாரத்துல மொத்தப் பணமும் வந்துடும்" என்று சொல்லி 600 ராண்ட் வாங்கிக்கொண்டான். யூஐஎஃப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் யூஃபைலிங் தளத்தில் கணக்கை அக்கா பெயரில்தான் திறந்தான். ஆனால் அதில் பதிந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவனுடையவை. இப்போது அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு வேண்டுமானால் இன்னும் 400 ராண்ட் வேண்டும் என்கிறான்.

யூஐஎஃப் விண்ணப்பத்துக்கு ஒரு சென்ட் கூடக் கட்டணம் இல்லை. போன 600 ராண்டை விடப் பெரிய ஆபத்து அந்தக் கணக்குதான். பணம் ஒரே தடவையில் வந்து முடிவதில்லை. இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று யூஐ-6ஏ படிவத்தில் மாதாமாதம் உறுதி செய்ய வேண்டும். கணக்கு அவன் கையில் இருந்தால் அந்த உறுதியும் அவன் கையில். அது நின்றால் பணமும் நிற்கும்.

"ரெண்டு வாரத்தில் மொத்தமாக" என்பதே பொய். மாதம் 8,000 ராண்ட் சம்பளம் என்று வையுங்கள். 12 ஆல் பெருக்கி 365 ஆல் வகுத்தால் நாளுக்கு 263 ராண்ட். இந்தச் சம்பளத்துக்குச் சட்டத்தின் சூத்திரப்படி கிடைப்பது சுமார் 43.7 சதவீதம், அதாவது நாளுக்கு 115 ராண்ட் அளவில். குறைந்த சம்பளக்காரருக்கு இந்த விகிதம் 60 வரை ஏறும், கூடிய சம்பளத்துக்கு 38 வரை இறங்கும். மாதம் 17,712 ராண்டுக்கு மேல் வாங்கினாலும் கணக்கு அந்த வரம்போடு நின்றுவிடும். நான்கு ஆண்டு தொடர்ந்து கட்டியவருக்கு 365 நாள் வரை உண்டு. ஆனால் முழு விகிதம் முதல் 238 நாளுக்குத்தான், பிறகு 20 சதவீதம்.

இன்னொரு பொறி முதலாளி பக்கம். வேலை எப்போது, ஏன் முடிந்தது என்று முதலாளி எழுதித் தரும் படிவம் யூஐ-19. "ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு, யூஐ-19 இல் ஆட்குறைப்பு என்று போட்டுத் தருகிறேன்" என்பார்கள். எழுதாதீர்கள். தானாக விலகியவருக்கு யூஐஎஃப் இல்லை. ஆட்குறைப்பானால் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். அந்தக் கடிதத்தால் அதுவும் போகும். கொடுமை தாங்காமல் விலக நேர்ந்தால் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் முறையிடுங்கள்.

யூஐ-19 கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். ஐடி எண், வேலை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, சம்பளம், விலகிய காரணம். காரணக் குறியீடு ஒன்று மாறினாலே விண்ணப்பம் திரும்பிவிடும். சம்பளத்தில் 1 சதவீதம் பிடித்திருப்பார்கள், முதலாளியும் 1 சதவீதம் சேர்க்க வேண்டும், மாதம் 7ஆம் தேதிக்குள் உங்கள் விவரத்தை நிதிக்கு அனுப்பவும் வேண்டும். பலர் பிடித்துவிட்டு அனுப்புவதில்லை. அப்போது கணினியில் உங்கள் பெயரே வராது. பிடித்தத்துக்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி சம்பளச் சீட்டு ஒன்றுதான், அதனால் பழைய சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். வீட்டு வேலை செய்பவர்களும், ஒரே வீட்டில் மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் என்றால், இதில் சேர்த்திதான்.

வங்கி விவரத்துக்கான யூஐ-2.8 படிவத்தை உங்கள் வங்கியிலேயே முத்திரை வாங்குங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மகன் பெயரில் கூடக் கூடாது. ஓடிபி வந்தால் யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள். "வேலை கிடைத்தாலும் சொல்லாதே, தொடர்ந்து உறுதி செய்" என்று அதே ஆட்கள் அறிவுரையும் தருவார்கள். அது மோசடிக் குற்றம், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் அவனுக்கு மேலும் பணம் கொடுக்க வேண்டாம். ஐடியுடன் நீங்களே லேபர் சென்டருக்குப் போய், கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். போலீசில் புகார் எழுதி வழக்கு எண் வாங்குங்கள். ஐடி நகல் அவனிடம் இருப்பதால், உங்கள் பெயரில் கடன் எடுக்காமல் தடுக்க, தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அவன் உண்மையிலேயே விண்ணப்பித்தானா, கணக்கை மட்டும் திறந்து வைத்தானா என்று அன்றைக்கே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.