முன்னால் இருந்த இன்ஜின் பின்னால் போன பிறகு: கார்வெட் சி7-இலிருந்து சி8-க்கு

செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டை வைத்திருக்கும் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: இன்ஜினைப் பின்னால் கொண்டுபோனது சரியா, தப்பா? எட்டாம் தலைமுறையான சி8 வெளிவந்த நாளிலிருந்து இந்தப் பஞ்சாயத்து ஓயவில்லை. நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன். முதலில் ஏழாம் தலைமுறையான 2016 சி7, அடிப்படை ரகமான ஸ்டிங்ரே, ஏழு கியர் மேனுவல். அதை விற்றுவிட்டு 2021 சி8 ஸ்டிங்ரே, வேக ஓட்டத்துக்கான இசட்51 பேக்கேஜுடன். வீடு டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகரில். கார்வெட்டைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளை இந்த ஊரில் பார்ப்பதே கஷ்டம். புது வண்டி மோகமெல்லாம் தெளிந்த பிறகு எழுதலாம் என்று இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1953-இல் தொடங்கி ஏழு தலைமுறை கார்வெட்டுக்கும் இன்ஜின் முன்னால்தான். நீண்ட மூக்கு, பின் சக்கரத்தை ஒட்டி உட்காரும் ஓட்டுநர், இதுதான் அதன் சாமுத்திரிகா லட்சணம். 2019 ஜூலையில் கலிபோர்னியாவின் டஸ்டினில் சி8-ஐத் திரை விலக்கிக் காட்டியபோது 6.2 லிட்டர் வி8 சீட்டுக்குப் பின்னால் போயிருந்தது. மேனுவல் கியர் கிடையாது. இரண்டு கிளட்ச்சை வைத்துத் தானே கியர் மாற்றும் எட்டு கியர் டூயல் கிளட்ச் மட்டும்தான். 490 குதிரைத்திறன், இசட்51 என்றால் 495. அன்றைய ஆரம்ப விலை 59,995 டாலர். இந்த அமைப்பில் ஃபெராரியோ மெக்லாரனோ வாங்க வேண்டுமென்றால் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொதிப்பவர்களிடம் நான் முதலில் எடுப்பது ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் பெயரைத்தான். கார்வெட்டின் தந்தை என்று அவர்களே கொண்டாடும் பொறியாளர். 1960-லேயே செர்வ் என்ற சோதனைக் காரில் இன்ஜினைப் பின்னால் வைத்துக் காட்டியவர். 1975-இல் ஓய்வு பெறும்வரை இதற்காகக் கம்பெனி மேலிடத்தில் முட்டி மோதினார். முன் இன்ஜின் கார் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது எதற்கு இந்தச் செலவு என்று ஒவ்வொரு முறையும் கிடப்பில் போட்டார்கள். 1996-இல் காலமானார், அஸ்தி கென்டக்கியின் பௌலிங் கிரீனில், நேஷனல் கார்வெட் மியூசியத்தில் இருக்கிறது. அவர் கேட்டு வாங்க முடியாமல் போனதைத்தான் இப்போது செய்திருக்கிறார்கள்.

மேனுவல் வாதமும் வரலாற்றைத் தட்டினால் ஆட்டம் காணும். 1953-இல் மிச்சிகனின் ஃப்ளின்ட்டில் கையால் கட்டிய முதல் 300 கார்களிலும் இருந்தது ஆறு சிலிண்டர் இன்ஜின், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். வி8 1955-இல்தான் வந்தது. ஆக, வி8-உம் மேனுவலும் இல்லாமல்தான் கார்வெட் பிறந்தது. அப்புறம் 1963 மாடலின் பின் கண்ணாடியை இரண்டாகப் பிரித்த நடுத்தண்டு. பின்னால் வருவது தெரியவில்லை என்று டன்டோவுக்கே அது பிடிக்காமல் அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். தங்கள் காரும் புது மாடலாகத் தெரிய வேண்டும் என்று அதை அறுத்துப் போட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த நடுத்தண்டு இருந்தால் அந்தக் காரின் விலையே வேறு. 2005-இல் எழுந்து மறையும் ஹெட்லைட்டை எடுத்தபோதும், சி7-இல் வட்டமான பின் விளக்கைச் சதுரமாக்கியபோதும் இதே கூப்பாடுதான்.

சரி, வரலாறு ஒரு பக்கம். ஓட்டும்போது எப்படி?

சி7-இல் உட்கார்ந்தால் முன்னால் இரண்டு ஃபெண்டரும் புடைத்துத் தெரியும். கார் எங்கே முடிகிறது என்பது கடைசிவரை உத்தேசம்தான். சி8-இல் ஓட்டுநர் இருக்கையைப் பதினாறரை அங்குலம் முன்னால் நகர்த்தியிருக்கிறார்கள். பானெட் கண்ணுக்குக் கீழே சரிந்து மறைந்துவிடுகிறது. ரோடு காலடியிலிருந்தே தொடங்குவது போலிருக்கும். முதல் வாரம் பயமாக இருந்தது, அப்புறம் சி7-இன் மூக்கை எப்படிச் சகித்தோம் என்று தோன்றியது. ஆனால் பின்னால் பார்ப்பது கஷ்டம். கேமரா கண்ணாடி இருப்பதால் சமாளிக்கலாம். இரண்டு சீட்டுக்கும் நடுவே மதில் மாதிரி ஓடும் ஏசி பட்டன் வரிசையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பழகிவிட்டது. மனைவிதான் இன்னமும் “என்னங்க, இதுல என் பக்கத்துக்கு எது?” என்று கேட்கிறாள். 2026 மாடலில் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். கேட்டதும் அவளுக்கு ஒரே சிரிப்பு.

வேகத்தில் இரண்டையும் ஒப்பிடுவதே சி7-க்கு அநியாயம். 60 மைலைத் தொட 2.9 விநாடி என்று கம்பெனி சொல்வதை நம்பலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வளைவுகள். தெற்கு ஒஹையோவில் ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம் காட்டுக்குள் ஏறி இறங்கும் சாலைகளில் சி7-ஐ ஓட்டியிருக்கிறேன். ஈரமான வளைவிலிருந்து வெளியே வரும்போது வலது காலை அளந்துதான் வைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் பின்பக்கம் நழுவப் பார்க்கும். சி8-இல் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின் சக்கரங்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதே வளைவில் அதே மழையில், மிதித்தால் பிடித்துக்கொண்டு போகிறது. முன் இன்ஜினோடு இதற்கு மேல் சக்தியைத் தரையில் இறக்க முடியாது என்று பொறியாளர்கள் சொன்னபோது விளம்பரப் பேச்சு என்று நினைத்தவர்கள் ஒருமுறை இந்தச் சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் என் ஓட்டத்தில் பெரும்பகுதி ஹாக்கிங் ஹில்ஸில் நடப்பதில்லை. டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில், 40, 45 மைலில் நடக்கிறது. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, பழைய கார்கள் அணிவகுக்கும் ட்ரீம் க்ரூஸ் என்றால் அதுவும் இல்லை, நடக்கிற வேகம்தான்.

வுட்வர்டில் பெரும்பாலான சந்திப்புகளில் நேராக இடது பக்கம் திரும்ப முடியாது. சிக்னலைத் தாண்டிப் போய், நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளியில் யு-டர்ன் அடித்து வர வேண்டும். மிச்சிகன் லெஃப்ட் என்பார்கள். சி7-இல் அந்த யு-டர்னே ஒரு விளையாட்டு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ரெவ் மேட்ச் என்ற வசதி, கியருக்கு ஏற்ற வேகத்துக்குத் தானே இன்ஜினை ஒரு தட்டு தட்டிக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு பிரேக்கில் இருக்கும் காலாலேயே ஆக்சிலரேட்டரை நான் தட்டிவிட்டால் சில நாள் வெண்ணெயாக இறங்கும், சில நாள் கார் தலையை ஆட்டும். வேகம் என்னவோ இருபது மைல்தான். ஆனால் இரண்டு கால், இரண்டு கை, காது எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. சி8-இல் அதே திருப்பத்துக்கு பிரேக், ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் என்னைவிட எத்தனையோ மடங்கு வேகமாக, ஒரு தடவைகூடப் பிசகாமல் காரியத்தை முடித்துவிடுகிறது. எனக்குத்தான் அங்கே வேலை இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கும் இரண்டு பேடிலையும் சேர்த்துப் பிடித்தால் கிளட்ச் விலகும். சிக்னலில் நின்றபடி இன்ஜினை உறும விடலாம். பக்கத்துக் காரில் இருக்கும் பையன்களுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் இதைத் தொடாமலே கத்துகிறார்கள் என்பது என் அபிப்ராயம். பழமைவாதிகள் இன்ஜின் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. புதுமைவாதிகள் விநாடிக் கணக்கை நீட்டுகிறார்கள். அந்த விநாடிகளைச் செலவழிக்க ஊருக்குள் இடமில்லை. வேகமாகப் போகையில் சி8 எல்லா விதத்திலும் மேல். மெதுவாகப் போகையில் சி7 மனிதனைச் சும்மா இருக்க விடாது. கார்வெட் தன் ஆயுளில் பெரும்பகுதி மெதுவாகத்தான் போகிறது.

வீட்டு உபயோகத்துக்கு வருவோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு டிக்கி. முன்னது ஒரு கேபின் பெட்டிக்கு அளவெடுத்தது. பின்னதில் கோல்ஃப் பை போகும். கூரைப் பலகையைக் கழற்றினால் அதையும் அங்கேதான் வைக்க வேண்டும், பிறகு வேறெதற்கும் இடமில்லை. இன்ஜினை ஒட்டியிருப்பதால் பின் டிக்கி சூடாகும். பால், ஐஸ்கிரீம் எல்லாம் முன்னால், அரிசி மூட்டை பின்னால் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. ஹைவேயில் நாலு சிலிண்டரை அணைத்துவிட்டு ஓடும்போது கேலனுக்கு 26, 27 மைல்கூடக் கிடைத்திருக்கிறது. வி8-க்கு அது பெரிய விஷயம். முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் தூக்கும் லிஃப்ட் வசதியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை தூக்கிய இடத்தை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானே தூக்கும். எங்கள் டிரைவ்வே சரிவில் அது இல்லாவிட்டால் முன் பம்பரின் கீழ் விளிம்பு எப்போதோ போயிருக்கும்.

இசட்51-உடன் வருவது கோடை டயர். நவம்பர் குளிரிலேயே ரப்பர் விறைத்துப் பிடிமானம் போய்விடும். கடுங்குளிரில் அசைத்தால் வெடிப்பே விடலாம். அதனால் குளிர்காலம் முழுக்க கராஜில், பேட்டரி சார்ஜரில். பழுதுபார்க்கும் கடை லிஃப்டில் ஏற்றும்போது சேஸியில் ரப்பர் கட்டைகள் பொருத்தி அதன்மேல்தான் தாங்க வேண்டும். அது தெரியாத ஒரு டயர் கடையில் பக்கவாட்டுப் பலகை விரிசல் விட்டது. இப்போது கட்டைகளை நானே எடுத்துப் போகிறேன்.

இனி சி8 போகும் திசை, அதன் உயர் ரகங்கள். 2023-இல் இசட்06, 5.5 லிட்டரில் 670 குதிரைத்திறன். பிறகு முன் சக்கரத்துக்கு மின் மோட்டார் கொடுத்த இ-ரே. அடுத்து 1,064 குதிரைத்திறனில் இசட்ஆர்1, அதற்கும் மேலே 1,250-இல் இசட்ஆர்1எக்ஸ். பொறியியலாக வாயைப் பிளக்க வைப்பவைதான். ஆனால் இசட்ஆர்1 விலை 1.7 லட்சம் டாலருக்கு மேல். ஒரு பள்ளி ஆசிரியரோ தொழிற்சாலை ஃபோர்மேனோ இருபது வருடம் சேர்த்து வாங்கிவிடக்கூடிய கார் என்பதுதான் கார்வெட்டின் பெருமை. என்னை உறுத்துவது இந்த ஏறுமுகம்தான். இவ்வளவில் எனக்குப் பிடித்தது, மரபுவாதிகள் அதிகம் திட்டும் இ-ரே. நான்கு சக்கர டிரைவ், ஆல் சீசன் டயர், விடியற்காலையில் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் மின்சாரத்திலேயே தெருவைத் தாண்டும் வசதி. மிச்சிகன்காரனுக்குப் பனிக்காலத்திலும் ஓட்ட முடிகிற கார்வெட் அது. ஆனால் அதுவும் லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், ஒரே காராக வைத்துக்கொண்டு தூர ஊர்களுக்கும் போகிறவருக்கு சி8 ஸ்டிங்ரே. ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குள் சுற்றிவருவதுதான் சந்தோஷம் என்பவருக்கு 2017 முதல் 2019 வரை வந்த சி7 கிராண்ட் ஸ்போர்ட், கண்டிப்பாக மேனுவலில். பழைய சி8 பார்க்கப் போனால் 7,500 மைலில் கியர்பாக்ஸ் ஃபில்டர் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். குனிந்து பக்கவாட்டுப் பலகைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பட்டியல் விலைக்கு மேல் டீலர் கூடுதலாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் வாங்கிய சமயத்தில் ஒரு டீலர் கேட்டார், இரண்டு மாநிலம் தள்ளிப் போய் பட்டியல் விலைக்கே எடுத்து வந்தேன்.