மல்லிகைச் சரமும் ஊரும் எறும்புகளும்: ஜிம்ப் தெரிவுக் கருவிகளோடு என் அனுபவம்

கல்யாணப் படங்களில் ஆட்களை வெட்டியெடுத்துப் பின்னணி மாற்றித் தருவது என் அன்றாட வேலை. 2018 ஏப்ரலில் ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளின் 2.10 பதிப்பு வந்த நாள்முதல் அதில்தான் செய்கிறேன், இப்போது 3.0-க்கு மாறிவிட்டேன். 'செலக்‌ஷன் எடுத்தால் கணினி இழுக்கிறது' என்று யாராவது சொன்னால், தெரிவு செய்யும், அதாவது வேலை செய்யவேண்டிய பகுதியைப் படத்தில் குறித்தெடுக்கும், கணக்கை நான் சந்தேகப்படுவதில்லை. பெரும்பாலும் நேரத்தைத் தின்பது, அந்தத் தெரிவைத் திரையில் திரும்பத் திரும்ப வரைந்து காட்டும் வேலைதான்.

இது எனக்குப் புரிந்தது ஒரு மணப்பெண்ணின் பின்னலில். 6000×4000 அளவுப் படம், அதாவது 2.4 கோடி புள்ளிகள். மல்லிகைச் சரத்தை நிறத்தால் தெரிவுசெய்யும் கருவியால் எடுத்தேன். தெரிவு உடனே வந்துவிட்டது. அதன்பிறகு படத்தை நகர்த்தினாலும் பெரிதாக்கினாலும் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். கன்ட்ரோல்+டி (T) அழுத்தி, தெரிவின் விளிம்பில் 'ஊரும் எறும்புகள்' போல ஓடும் புள்ளிக்கோட்டை மறைத்தேன். அதே தெரிவு, அதே படம், பழைய வேகம் திரும்பிவிட்டது.

காரணம் எளிது. தெரிவு என்பது உள்ளே ஒரு மாஸ்க். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தெரிவாகியிருக்கிறது என்ற மதிப்பு அதில் இருக்கும். அந்த மதிப்பு பாதியைக் கடக்கும் இடத்தில்தான் புள்ளிக்கோடு ஓடுகிறது. செவ்வகத் தெரிவு நாலு கோட்டில் முடிந்துவிடும். மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு இதழும், இதழிடுக்கில் தெரியும் ஒவ்வொரு முடியும் தனி விளிம்பு. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சல் புள்ளிகளும் தனித்தனித் தீவுகளாக நிற்கும். அத்தனை துண்டுக் கோடுகளும் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஜிம்ப்பில் இயல்பாக இருக்கும் அமைப்பு 200 மில்லிநொடி. வினாடிக்கு ஐந்து முறை கோடு ஓர் அடி நகர்கிறது.

இந்த ஊரும் எறும்புகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பில் அட்கின்சன். 1984-இல் மேக்கின்டோஷுடன் வந்த அவருடைய ஓவிய மென்பொருள் மேக்பெயின்ட் ஓடிய திரை 512×342, கறுப்பு வெள்ளை மட்டும். இன்று என் மேசையில் இருக்கும் 4கே திரையில் அதைப்போல 47 மடங்கு புள்ளிகள், அத்தனையும் நிறத்தோடு. எறும்பு அதேதான், அது ஊரும் நிலம்தான் பரந்துவிட்டது.

3.0-இல் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் கண்ணுக்கே தெரியாத ஒன்று. சாளரம், பொத்தான் எல்லாவற்றையும் திரையில் வரைந்து தரும் அடித்தள நிரல் ஜிடிகே. 3.0-ஐ உருவாக்கும்போது ஜிம்ப் ஜிடிகே 2-இலிருந்து ஜிடிகே 3-க்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய முறையில் எறும்புக் கோட்டை மட்டும் திரைமேல் நேராக வரைந்துவிட முடியும். புதிய முறையில் ஒரு பகுதி மாறினால் அந்தப் பகுதியை அடியிலிருந்து வரைந்து தரவேண்டும்: படம், அதன் அளவு மாற்றம், நிற மேலாண்மை, எல்லாவற்றுக்கும் மேலே கோடு. கோடு ஓர் அடி ஊர்வதற்காக இவ்வளவும் மறுபடி நடந்தால் எந்தக் கணினியும் தாங்காது. அதனால் 2020-இல் வந்த 2.99.2 சோதனைப் பதிப்பில், அளவு மாற்றி நிறம் திருத்திய காட்சியைச் சேமித்து வைத்துக்கொள்ளும் கேச் ஒன்றைச் சேர்த்தார்கள். கீழே படம் மாறாதவரை சேமித்ததை எடுத்துப் போட்டு, மேலே கோட்டை வரைந்தால் போதும். உருவாக்கியவர்களுக்கு மனமார நன்றி சொல்ல வேண்டிய வேலை இது. வசதிப் பட்டியலைப் படிக்கும்போது இந்த வரியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்.

அதற்காக நம் பக்கத்து வேலை இல்லாமல் போகவில்லை. நிறத்தால் தெரிவுசெய்ததும் ஷிஃப்ட்+க்யூ அழுத்தி தெரிவாகாத பகுதியைச் சிவப்பாகக் காட்டும் விரைவு மாஸ்க்குக்குப் போய், சிறு புள்ளிகளைக் கரைக்கும் மீடியன் பிளர் வடிகட்டியை ஆரம் 1 அல்லது 2 வைத்து ஓட்டுகிறேன். பொரிகள் கரைந்துவிடும், பெரிய விளிம்பு அப்படியே நிற்கும். உள்ளே ஓட்டைகள் மிஞ்சினால் தெரிவுப் பட்டியலிலேயே அவற்றை அடைக்கும் கட்டளை இருக்கிறது. வரைய வேண்டிய துண்டுகள் குறைந்ததுமே திரை இலகுவாகிவிடும். வெட்டும் சுத்தமாக வரும். படச் சாளர அமைப்பில் எறும்பு வேகத்தை 400 ஆக்கி வைத்திருக்கிறேன். எண் கூடினால் ஊர்வது மெதுவாகும், கண்ணுக்கும் ஓய்வு.

கோட்டை மறைத்து வேலை செய்வதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தெரிவு இருக்கும்வரை அதற்கு வெளியே தூரிகை படாது. தெரிவு உயிரோடு இருப்பதை மறந்து, தூரிகை ஏன் படவில்லை என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். இப்போது தூரிகை பிடிக்கும் முன் கன்ட்ரோல்+டி அழுத்திக் கோட்டைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்துக்கொள்கிறேன்.

விளிம்பை மென்மையாக்கிய தெரிவிலும் கோடு பாதி மதிப்பைத்தான் காட்டும்; அதற்கு வெளியே மங்கலாகத் தெரிவான பகுதி கண்ணில் படாது. அதனால் பூவின் நுனியை எறும்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை. விரைவு மாஸ்க்கின் சிவப்பில் பார்த்துத்தான் வெட்டுகிறேன்.